வைக்கோல் தின்னும் பசுவும் வாய்ப்பந்தல் போடுவோரும்

பால் பெருகவேண்டும் என்கிறார்கள், மேடைதோறும் முழங்குகிறார்கள். பசு என்ன தின்கிறது என்று கேட்பார்தான் இல்லை!

பட்டு நெய்யும் ஆரணிக்கு அண்டையில், போளூர் வட்டாரத்துச் சிற்றூர்களைப் பாருங்கள், தோழர்களே! ஏக்கர் நிலம்கூட இல்லாத வீட்டிலும் ஒரு கறவை நிற்கும். சங்கத்துக்கு ஊற்றும் பால்தான் அவ்வீட்டின் அடுப்பை எரிக்கிறது. அக்கறவையின் முன்னே கிடப்பதோ நெல் வைக்கோல்! அதில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கு. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தீனியைச் செவ்வனே செரிக்க ஏறத்தாழ 7 பங்கு வேண்டும். அந்தக் குறையை நிரப்ப மூட்டைத் தீவனம் வாங்கு என்கிறார்கள். 2023 டிசம்பரில் ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் உயர்ந்தது, நல்லதுதான். உயர்ந்த காசு உழைத்தவள் முந்தானையில் தங்கவேண்டாமா? தீவன வணிகரின் பெட்டிக்கல்லவா ஓடுகிறது!

மாற்று, நம் பாட்டன் வயலிலேயே இருந்தது. கேழ்வரகுக்கு நடுவே மொச்சை. சோளத்துக்கு நடுவே துவரை, காராமணி. அறியாமை என்று நகைத்தது மேதாவிக் கூட்டம்! ஒரே பயிர், உரம் மூட்டையிலே, அதுவே முன்னேற்றம் என்றது. 1966இல் ஐ.ஆர்.8 வந்தது, மணி பெருகிற்று. பசித்த நாட்டுக்கு அது தேவைதான், மறுப்பாரில்லை. குட்டை நெல்லுக்குத் தாளும் குட்டை. அதை மாட்டிடம் யார் சொன்னார்கள்? பிறகு, 1972இல் பட்டஞ்செருவில் தோன்றிய இக்ரிசாட் நிறுவனம் சோளத்தையும் துவரையையும் சேர்த்து விதைத்து அளந்து பார்த்தது. தனித்தனியே விதைப்பதைவிடச் சேர்த்து விதைத்தால் அதே நிலம் கூடுதலாகத் தரும் என்று கண்டது. பாட்டன் அறிந்ததைப் பட்டம் பெற்றோர் அறிய இத்தனை ஆண்டுகள்!

தீவனத்துக்கும் இதுவே வழி. மூன்று வரிசை தீவனச் சோளம் அல்லது மக்காச்சோளம், ஒரு வரிசை காராமணி. சோளத்தட்டின் உலர் எடையில் புரதம் 7, 8 பங்கென்றால், பசுங் காராமணியில் 15க்கு மேல். அதன் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. அதற்கு விலைச்சீட்டு எவனும் எழுத முடியாது! இரண்டும் பாதி பூத்த நிலையில் அறுவடை. அதற்கு முன் இளஞ்சோளத்தை, அதிலும் வறட்சியில் வாடியதை, மாட்டுக்குப் போடாதீர், நஞ்சு உண்டு.

நிலமற்றவர் எங்கே விதைப்பார் என்பீர்கள். அங்கேதான் வழக்கு! மேய்ச்சல் புறம்போக்கு ஊருக்கு உரியது. எஞ்சியிருப்பதையேனும் அளந்து, கறவை வைத்திருக்கும் நிலமற்ற பெண்களின் குழுக்களுக்கு விடட்டும். ஆடி பிறக்குமுன் சோள விதையோடு காராமணி விதையும் சங்கத்து வாயிலிலேயே கிடைக்கட்டும். அடுத்த கிராமசபையில் இவ்விரண்டையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.