இந்த அத்தாவுக்கு எந்த ஷிஃப்ட்? – படநூல்களும் நம் பிள்ளைகளின் உறவுகளும்



ஒரகடத்தை அடுத்த ஊர் ஒன்றில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நாம் மக்தப் நடத்தி வருகிறோம். சில மாதங்களுக்கு முன், ஓதல் பாடம் சீக்கிரமே முடிந்த ஒரு நாளில், சிறு பிள்ளைகளுக்கு ஒரு படநூலை விரித்து வாசித்துக் காட்டினோம். மாலையில் தந்தை வேலை முடிந்து வீடு திரும்புகிறார். மகள் ஓடிச்சென்று அவர் கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்கிறாள். திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் கதை. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஹஜ்ரத், இந்த அத்தாவுக்கு எந்த ஷிஃப்டு?”

பிள்ளைகள் எவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது நியாயமான கேள்வி. பக்கத்தில் இருந்தவன்தான் பதில் சொன்னான்: “தினமும் சாயங்காலமே வர்றாங்கன்னா ஜெனரல் ஷிஃப்டாத்தான் இருக்கும்.”

அன்றிரவு வெகுநேரம் அந்தக் கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. மாலையில் வீடு திரும்பும் தந்தை என்பவர் நம் பிள்ளைகள் பலருக்குப் புத்தகத்தில் மட்டுமே காணக்கூடியவராக ஆகிவிட்டார் என்பதை, அவர்களுக்கு நாள்தோறும் பாடம் நடத்தும் நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 ஆம் ஆண்டு ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கிய நாள் முதல் இந்தப் பகுதியின் நேரமே மாறிப்போயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 இல் வந்தது. 2014 இல் உற்பத்தியை நிறுத்தியது. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை வந்தது. ஆலைகள் வரும், போகும். ஷிஃப்ட் மட்டும் நிற்பதில்லை. ஃபஜ்ருக்கு முன்பே ஒரு பேருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. இஷாவுக்குப் பின் இன்னொரு பேருந்து ஏற்றிக்கொண்டு போகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் தந்தை உறங்கச் செல்லும் வேளையில் பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்புகிறது. பிள்ளை மக்தப் முடிந்து திரும்பும் வேளையில் தந்தை மீண்டும் புறப்பட ஆயத்தமாகிறார். தாயும் வேலைக்குச் செல்லும் வீடுகள் உண்டு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது என்றால், தாய் தந்தையரைப் பிரிந்து இங்கு வந்து உழைக்கும் பெண்மக்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

பாட்டி, தாத்தாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர்கள் வாணியம்பாடியிலோ திருவாரூரிலோ பீகாரிலோ இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் கைபேசித் திரையில் தெரியும் முகங்கள்.

இந்நிலையில் நாம் மக்தபில் என்ன கற்பித்துக்கொண்டிருந்தோம்? பெற்றோரின் உரிமைகள் இத்தனை, உறவினரின் உரிமைகள் இத்தனை என்று எண்ணிட்டு மனப்பாடம் செய்ய வைத்தோம். தேர்வில் வரிசை மாறாமல் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் வழங்கினோம். அந்தப் பாடத்தை நடத்திய ஒரு நாளில் ஒரு சிறுமி எழுந்து, “அத்தா தூங்கும்போது சத்தம் போடாம இருக்கறதும் கித்மத்தா ஹஜ்ரத்?” என்று கேட்டாள். ஆம் என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டோம். அவள் கேட்டது மார்க்கச் சட்டம் அன்று. ‘அத்தாவுடன் பேசவே எனக்கு நேரம் கிடைப்பதில்லை’ என்ற முறையீடு அது. இது நமக்கு உறைக்கப் பல நாட்கள் ஆயின. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

ஆகவேதான் இதைக் கூற விழைகிறோம். குடும்ப உறவுகளைப் பேசும் நல்ல படநூல்கள் நம் மக்தபுகளிலும் வீடுகளிலும் இடம்பெற வேண்டும். நீதி போதிப்பதற்காக அல்ல. பிள்ளை தன் வீட்டைப் பற்றி வாய் திறந்து பேசத் தொடங்குவதற்காக அவை வாசிக்கப்பட வேண்டும்.

தமிழில் இத்தகைய நூல்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் 1996 இல் தொடங்கப்பட்ட துலிகா பதிப்பகம் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் படநூல்களை வெளியிட்டு வருகிறது. 2004 இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் கதைகளைக் கட்டணமின்றித் தருகிறது. அவற்றைப் படிக்கலாம், அச்சிடலாம், நம் பேச்சுக்கு ஏற்ப மாற்றியும் வெளியிடலாம். அதற்கு அனுமதி உண்டு. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளில் சின்னஞ்சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்துள்ளது.

முஸ்லிம் குடும்பத்தைப் பற்றிய நூல்களில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஃபவ்ஸியா கிலானி வில்லியம்ஸ், துருக்கி நாட்டுக் கதை ஒன்றைத் தழுவி எழுதி, துலிகா வெளியிட்ட ‘இஸ்மத்ஸ் ஈத்’ என்ற நூல் அது. செருப்புத் தைக்கும் இஸ்மத் என்பவர் பெருநாளுக்கு முந்திய நாள் வீட்டாருக்கெல்லாம் அன்பளிப்பு வாங்குகிறார். தமக்கும் ஒரு கால்சட்டை வாங்குகிறார். அது நீளமாக இருக்கிறது. வெட்டித் தைத்துத் தருமாறு மனைவியிடமும் தாயிடமும் மகளிடமும் கேட்கிறார். பெருநாள் சமையல் வேலையில் எவருக்கும் நேரமில்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் மனம் கேட்காமல், மற்றவருக்குத் தெரியாமல் ஆளுக்கு ஒரு முறை வெட்டித் தைத்துவிடுகிறார்கள். விடிந்து அணிந்து பார்த்தால் கால்சட்டை குட்டையாகிவிட்டது.

இந்தக் கதையை நாம் சொன்னபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரு சிறுமி சொன்னாள்: “எங்க வீட்லயும் ஒருநாள் அத்தா, அம்மா, நான் மூணு பேருமே பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துட்டோம் ஹஜ்ரத்.” அத்தா தூங்கும்போது சத்தம் போடாமல் இருப்பது கித்மத்தா என்று கேட்ட அதே பிள்ளைதான். மூவரும் வெவ்வேறு நேரத்தில் வந்து போகும் வீடு அது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நேரமில்லை. ஆயினும் மூவரும் வீட்டை நினைத்திருக்கிறார்கள். உறங்கிக்கொண்டே இருக்கும் தந்தை தன்னை நேசிக்காதவர் அல்லர் என்பதை அந்தப் பிள்ளை மூன்று பால் பாக்கெட்டுகளைக் கொண்டு தானாகவே கண்டுகொண்டது. உரிமைகளின் பட்டியல் செய்யாத வேலையை அந்தக் கதை செய்தது.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். இரண்டும் நம்மிடம் நேரிலேயே சொல்லப்பட்டவை.

முதலாவது, உருவப்படம். உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து நபிமொழிகளில் கடுமையான எச்சரிக்கைகள் உள்ளன. அவற்றை நாம் இலேசாகக் கருதவில்லை. அதே வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை என்பதையும் புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் காண்கிறோம். இறக்கை வைத்த குதிரை பொம்மையைப் பார்த்து இதென்ன என்று நபியவர்கள் கேட்டதும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைக்கு இறக்கை இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் சொன்னதும், நபியவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் உரிய உருவங்களுக்கு அறிஞர்கள் பலர் சலுகை அளித்ததற்கு இவையே ஆதாரம். கருத்து வேறுபாடு இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. பேணுதலாக நடக்க விரும்புவோர் தங்கள் உலமாக்களிடம் கேட்டு, வீடு, மரம், பாத்திரம் போன்றவை மட்டும் வரையப்பட்ட நூல்களைத் தேர்ந்துகொள்ளலாம். நாம் புத்தகங்களைத் தொழுகை இடத்தில் வைப்பதில்லை. வகுப்பறையில் கதவுள்ள அலமாரியில் வைக்கிறோம். நபிமார்களையும் சஹாபாக்களையும் வரைந்த நூல் எதையும் வாங்குவதில்லை.

இரண்டாவது ஆட்சேபம்: ‘நபிமார்கள் வரலாறு இருக்க, கால்சட்டைக் கதை எதற்கு?’ நல்ல கேள்வி. ஆனால் நபிமார்கள் வரலாற்றை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். சூரா யூசுஃப் ஒரு மகன் தன் தந்தையிடம் கனவைச் சொல்வதிலிருந்து வரலாற்றைத் தொடங்குகிறது. சகோதரப் பொறாமை, பிரிவு, அழுது அழுது பார்வை மங்கிய தந்தை, மன்னிப்பு என்று நடந்து, குடும்பம் ஒன்றுசேர்வதை நமக்குக் காட்டுகிறது. சூரா கஸஸில் பேழையில் மிதந்து செல்லும் தம்பியைக் கரையோரம் பின்தொடர்ந்து கவனிக்கும் ஓர் அக்கா வருகிறாள். லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்கு அறிவுரை கூறுகையில் செல்லமாக அழைக்கும் சொல் மூன்று முறை வருகிறது. இப்ராஹீம் (அலை) அவர்கள், தம்மை ஏற்காத தந்தையிடம் பேசும்போதும், ‘என் தந்தையே’ என்ற கனிவான அழைப்பை நான்கு முறை சொல்வதை சூரா மர்யமில் காண்கிறோம். அல்லாஹ்வின் வேதம் உறவுகளை இவ்வளவு நுட்பமாகக் காட்டியிருக்க, நாம் அதைக் கேள்வி பதிலாகச் சுருக்கிவிட்டோம். படநூல் நபிமார்களின் வரலாற்றுக்கு மாற்று அன்று. அதை உணர்ந்து கேட்கும் செவியைப் பிள்ளைக்கு உண்டாக்கும் சிறு பயிற்சி அது.

அந்த அழைப்புச் சொற்களைப் பற்றி மேலும் ஒன்று. நம் மக்தபில் தந்தையை அத்தா என்பவர்களும் வாப்பா என்பவர்களும் அப்பா, அப்பு என்பவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டியோ ஒரு வீட்டில் நன்னி, ஒரு வீட்டில் உம்மம்மா, ஒரு வீட்டில் தாதி. புத்தகத்தில் ‘பாட்டி’ என்று இருந்தால், வாசிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுச் சொல்லைச் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம். அந்த ஒரு சொல்லில் ஊரில் இருக்கும் கிழவி மக்தபுக்குள் வந்துவிடுகிறார். உறவைப் பேணுவது என்பது பெயர் சொல்லி நினைவுகூர்வதில்தான் தொடங்குகிறது.

பெற்றோருக்கும் நிர்வாகிகளுக்கும் நாம் முன்வைப்பவை சிலவே.

வாரம் ஒரு நாள், பத்து நிமிடம் போதும். வாசித்து முடித்ததும் ‘இக்கதையின் நீதி என்ன?’ என்று கேட்காதீர்கள். பிள்ளை சிரித்தால் கூடச் சிரியுங்கள், பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தந்தையரே! வார விடுமுறையன்று உறக்கம் போக மீந்த நேரத்தில் ஒரு நூலைப் பிள்ளையுடன் பாருங்கள். இயலாவிடில், ஷிஃப்ட் இடைவேளையில் இரண்டு நிமிடக் கதையைக் குரல் பதிவாக அனுப்புங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதும் தடையன்று. பீகாரிலிருந்து வந்த சகோதரர் ஒருவரின் மகள் இங்கே அரசுப் பள்ளியில் தமிழில் படிக்கிறாள். நம்மிடம் வாங்கிச் சென்ற நூலின் படங்களைக் காட்டி, உருதுவில் தந்தைக்குக் கதை சொல்லியிருக்கிறாள். அடுத்த ஜும்ஆவுக்கு வந்தவர், நம் கையைப் பிடித்துக்கொண்டு வேறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்.

நிர்வாகிகளே! மக்தப் பரிசளிப்பு விழாவில் வழங்கும் தண்ணீர் பாட்டிலுடன் ஒரு படநூலையும் சேர்த்து வழங்குங்கள். நம் சமுதாயத்தில் எழுதவும் வரையவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் அத்தாவையும், விடுதியில் இருக்கும் அக்காவையும், கைபேசியில் சிரிக்கும் நன்னியையும் பற்றி அவர்கள் எழுதட்டும்.

பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ (ரலி) அவர்களிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். வளர்த்த குருவி இறந்துபோன சோகத்தில் இருந்த அபூஉமைர் என்ற சிறுவரிடம் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். உம்மத்தின் பொறுப்பு முழுவதையும் சுமந்தவர்களுக்கு ஒரு குருவியைப் பற்றிப் பேச நேரம் இருந்தது. நமக்கும் இருக்க வேண்டும்.

“இந்த அத்தாவுக்கு எந்த ஷிஃப்டு?” என்று கேட்ட சிறுவனுக்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை. மறுவாரம் அவனிடமே, “உன் அத்தாவுக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட்?” என்று கேட்டோம். “சி ஷிஃப்டு ஹஜ்ரத். ஆனா ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பாங்க. இந்தப் புக்கை எடுத்துட்டுப் போகவா?” என்றான். கொடுத்தனுப்பினோம். இன்னும் திருப்பித் தரவில்லை; நாமும் கேட்கவில்லை.

உழைக்கும் நம் சகோதர சகோதரிகளின் ரிஸ்கிலும் நேரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒருவருக்கொருவர் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. ஆமீன்.