சார்ட் எங்கே டீச்சர்?

ப்ராஜெக்ட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு எங்கள் தெருமுனை ஸ்டேஷனரி கடைதான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கின பிறகு அப்பா ஓடிப் போய், "அண்ணே, ஒரு சார்ட்டு, தேசத் தலைவர்கள் படம் ஒண்ணு" என்று கெஞ்சி வாங்கி வருவார். அம்மா கத்தரிப்பார். அக்கா ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பசை டப்பாவுக்கு மூடி போடுவேன். மறுநாள் பத்துக்கு ஒன்பது மார்க். அந்த ஒரு மார்க் ஏன் குறைந்தது என்று அம்மாவுக்கு இன்றைக்கும் வருத்தம் :-)

2012-13ல் தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்தபோது நூறு மார்க்கில் 60 எழுத்துத் தேர்வுக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்கு என்று பிரித்தார்கள். அந்த 40ல் பாதி செயல்பாடுகளுக்கு. பிள்ளைகள் தானாகச் செய்து கற்றுக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நான் பார்த்தவரை அதனால் பலன் அடைந்தவர் மேற்படி கடைக்காரர்.

இதைச் சொன்னால் என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். ஒரு கட்சி, "ப்ராஜெக்ட் எல்லாம் வேலைக்கு ஆகாதுடா, வாய்ப்பாடு ஒப்பிச்சாதான் கணக்கு வரும்" என்கிறது. இன்னொரு கட்சிக்குக் கரும்பலகையே கொடுமை. எனக்கு இரண்டு பேரோடும் ஒத்துப்போகவில்லை. காரணம் என் சித்தி.

சித்தி ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் டீச்சர். மொத்தம் 41 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். (60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு.) மூன்று, நான்கு, ஐந்து என மூன்று வகுப்பும் ஒரே அறையில் சித்தியிடம். போன வருஷம் அந்த அறையில்தான் ஒரு ப்ராஜெக்ட் செய்து பார்த்தார். தலைப்பைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. கழிப்பறைப் பக்கம் தாழ்வான மேடையில் ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. அதன் குழாய் எந்நேரமும் ஒழுகும். "எவ்ளோ தண்ணி டீச்சர் வீணாப் போகும்?" என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். "தெரியலையேடா, அளந்து பாப்பமா?" என்று சித்தி வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

குழாயடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்து, அது நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் ஒரு குழு பார்த்தது: 20 நிமிஷம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு குழு: 30 நிமிஷம். வந்தது பாருங்கள் சண்டை! "நீங்க பாட்டிலை சாச்சு வச்சுட்டீங்க", "உங்களுக்கு மணி பாக்கத் தெரியல". சித்தியும் யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாராம். மறுநாள் திரும்பவும் அளந்தால், திரும்பவும் அதே 20, அதே 30. மூன்றாவது நாள் ஒரு நாலாம் வகுப்புப் பெண், சத்தமாகப் பேசவே மாட்டாளாம், மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்: "காலைல தொட்டி நெறைஞ்சிருக்கும் டீச்சர். மத்தியானம் கொறைஞ்சிரும். அதான் மெதுவா சொட்டுது."

சித்தி இதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. "எனக்கே தோணலடா" என்றார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'எனக்கே தோணல'தான். சித்தி செயல்வழிக் கற்றலையும் நடத்தியவர். 2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி 2007ல் மாநிலம் முழுக்க வந்ததே, அட்டைகள், ஏணிப்படி, பாயில் வட்டமாக உட்காருவது... அது. நானும் அதில் படித்தவன்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். பயமில்லாமல் படித்தோம், அவரவர் வேகத்தில் ஏணி ஏறினோம். ஆனால் ஏணி எங்கே போய் முடியும் என்று அட்டை அச்சடித்தவருக்கு முன்பே தெரியும். குழாய்க் கணக்கு எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. 1918ல் அமெரிக்காவில் கில்பாட்ரிக் என்பவர் ப்ராஜெக்ட் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளை தனக்கென்று ஒரு நோக்கத்தோடு, முழு மனசோடு செய்வதுதான் ப்ராஜெக்ட் என்பது அவர் கட்சி. நம் ஊருக்கு அது வந்து சேர்ந்தபோது நோக்கம் வழியில் தொலைந்து, சார்ட் மட்டும் பத்திரமாக வந்திருக்கிறது.

வாய்ப்பாட்டுக் கட்சிக்காரர்களே, இனி உங்கள் முறை. 20 நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு? மணிக்கு 3, நாளுக்கு 72 லிட்டர். 30 நிமிஷம் என்றால் 48. இந்தக் கணக்கு மூன்றாம், நான்காம் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு வரவில்லை. 60ஐ 20ஆல் வகுக்கத் தெரியவில்லை. சித்தி என்ன செய்தார் தெரியுமா? ப்ராஜெக்டை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, கரும்பலகையில் வகுத்தல் நடத்தினார். வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தார். நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் இந்தத் தடவை "எதுக்கு டீச்சர் இது?" என்று ஒருவரும் கேட்கவில்லையாம். எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

கடைசியில் நாளுக்குச் சுமார் 60 லிட்டர், எட்டு ஒன்பது நாளில் ஒரு முழுத் தொட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்து, மூன்றாவதாக ஒன்று தேறியது. ஆள் வந்து வாஷர் மாற்றினார். வேலை பத்து நிமிஷம்!

அதற்கு அடுத்த வாரம் பார்வைக்கு ஒரு அதிகாரி வந்திருக்கிறார். சித்தி ஆசையாக எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளைகள் நோட்டில் பென்சிலால் அடித்துத் திருத்தி எழுதின கணக்கைக் காட்டினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது. சார்ட் எங்கே டீச்சர்?" என்றாராம். அவரை நான் திட்டப் போவதில்லை. ஒரே நாளில் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியவருக்கு, சுவரில் தொங்குவதுதான் கண்ணில் படும். ஆனால் அன்றைக்கு ராத்திரி சித்தி, சித்தப்பாவை ஸ்டேஷனரி கடைக்கு அனுப்பினார். குழாய் படம் அவரே வரைந்தார். அந்த சார்ட் இன்னும் வகுப்பில் தொங்குகிறது. அதில் 20 நிமிஷம், 30 நிமிஷம் சண்டை இல்லை. அந்தப் பெண் சொன்னதும் இல்லை. 'நீரைச் சேமிப்போம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

இந்த வருஷம் சித்தி ப்ராஜெக்ட் எதுவும் செய்யவில்லை. கூட இருந்த ஆசிரியருக்கு மாறுதல் வந்துவிட்டது, பதிலுக்கு ஆள் வரவில்லை. ஐந்து வகுப்பும் அவர் தலையில். அது போக எமிஸில் தினமும் ஏற்ற வேண்டிய விவரங்கள் வேறு. போன மாதம் அதே பெண் வந்து, கேட்டுக்கு வெளியே இருக்கிற பொதுக் குழாயும் ஒழுகுகிறது, பாட்டில் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

"அப்புறம் பாக்கலாம்டின்னு சொல்லிட்டேன்" என்றார் சித்தி.