நாற்பது வயதுப் பெண்ணும் கிராப்பும்

பாண்டிய ராஜனுக்கு ஒரு சந்தேகம் வந்ததாம். தன் மனைவியின் கூந்தலில் வீசும் வாசனை இயற்கையா, செயற்கையா என்பதுதான் அந்தப் பெரிய சந்தேகம். தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன் என்று பொற்கிழி கட்டித் தொங்கவிட்டான். தருமி வந்தான், நக்கீரர் ஆட்சேபித்தார், கடைசியில் கடவுளே புலவர் வேஷம் போட்டுக்கொண்டு வந்து, வாதத்தில் தோற்கும் நிலையில் நெற்றிக்கண்ணைத் திறந்துவிட்டார் என்று திருவிளையாடல் கதை சொல்லுகிறது. இத்தனை பேர் சபை கூடி வாதித்தார்களே, அந்தத் தலைக்குச் சொந்தக்காரியான ராணியைக் கூப்பிட்டு, "அம்மா, தலைக்கு என்ன தேய்த்துக் குளிக்கிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா? கேட்டிருந்தால் ஆயிரம் பொன்னும் மிஞ்சியிருக்கும். நக்கீரர் உடம்பும் வெந்திருக்காது.

பெண்ணின் தலைமயிரைப்பற்றி அந்தப் பெண்ணைத் தவிர மற்ற எல்லோரும் தீர்ப்புச் சொல்லுவது என்கின்ற வழக்கம் கதையோடு முடிந்துவிடவில்லை. இன்றைக்கும் காவேரிப்பட்டினத்தில் நடக்கிறது. நாம் சொல்லுவது சிலப்பதிகாரத்துக் காவிரிப்பூம்பட்டினமல்ல. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில், மாம்பழச் சீமையில் உள்ள காவேரிப்பட்டினம். அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஓசூர்ச் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் இளம்பெண்கள் தோள்மட்டத்திற்கு முடியை வெட்டிக்கொண்டு வந்தால், வீட்டில் இரண்டு நாள் முணுமுணுப்பார்கள். பிறகு, "சின்னப் பெண், போகட்டும்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் தாய், 45 வயதுக்காரி, "எனக்கும் முடி பாரமாயிருக்கிறது, நானும் வெட்டிக்கொள்ளுகிறேன்" என்று சொல்லட்டும். புருஷன் முறைப்பார்; மாமியார் அழுவார்; நாத்தனார் சிரிப்பார்; "பேரன் எடுக்கிற வயதில் உனக்கு ஏன் இந்த ஆட்டம்?" என்று தெருவே கேட்கும். மகளுக்குச் சரியென்று விட்டது தாய்க்கு மட்டும் ஏன் குற்றமாயிற்று என்பதே இன்று நாம் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

இதற்கு முதற் காரணம் பழைய கொடுமையின் மிச்சம். நம் நாட்டில் வயது வந்த பெண்ணின் தலையில் கத்தி பட்டது என்றால், அவள் புருஷன் செத்தான் என்றே அர்த்தமாயிருந்தது. சிற்சில ஜாதிகளில் 10 வயது, 12 வயது விதவைக் குழந்தையைக்கூட உட்கார வைத்து மொட்டையடித்தார்கள். தாலி இருக்கும்வரை முடி புருஷனுக்குச் சொத்து. தாலி போனால் முடி பாவம். இரண்டிலும் அவளுக்கு மட்டும் பாத்தியதை கிடையாது. இந்த அக்கிரமத்தைப் படித்த பிரபுக்கள் தர்மம் என்று பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1890-ம் வருஷத்தில் பம்பாயில் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே முன்னின்று நடத்திய கூட்டத்தில் நூற்றுக்கணக்கான நாவிதத் தோழர்கள் கூடி, "இனி விதவைகளின் தலையை எங்கள் கத்தி தொடாது" என்று தீர்மானித்தார்கள். எந்தத் தொழிலை இழிவு என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்ததோ, அந்தத் தொழில் செய்தவர்களுக்கு இருந்த மனிதத்தன்மை சாஸ்திரம் படித்தவர்களுக்கு இல்லாமற் போயிற்று. அந்தக் கொடுமை பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் "முடி குறைந்தால் அமங்கலம்" என்கின்ற பயம் மட்டும் ஒழியாமல் நின்றுகொண்டிருக்கிறது.

இந்தப் பயத்துக்குப் புத்தி சம்பந்தமான ஆதாரம் ஏதாவது உண்டா என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அதே 45 வயது அம்மாள், "திருப்பதிக்கு வேண்டுதல்" என்று சொல்லிப் பஸ் ஏறிப் போய் முழு மொட்டையடித்துக்கொண்டு வந்தால், ஊரார் சந்தனம் பூசிய தலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். அங்கே விழுகிற முடியைத் தேவஸ்தானத்தார் நீளவாரியாய்ப் பிரித்து ஏலம் போட்டுக் கோடிக்கணக்கான ரூபாய் வாங்குகிறார்கள். அது வெளிநாடுகளுக்குப் போய் அங்குள்ள பெண்களுக்கு டோப்பாவாகிறது. முழுத் தலையையும் கொடுத்தால் புண்ணியம்; நான்கு அங்குலம் தன் சௌகரியத்துக்காகக் குறைத்தால் மானக்கேடு! முடி போவதில் இவர்களுக்கு ஆட்சேபணையில்லை. பெண் தன் இஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்வதில்தான் ஆட்சேபணை என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

"தமிழ்ப் பெண்ணுக்குச் சடையும் கொண்டையுந்தானே அழகு, பண்பாடு" என்பார்கள் சிலர். பழந்தமிழ் இலக்கியத்திலேயே பெண்கள் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று பெயர். குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என்று ஐந்து வகையாய் முடித்தார்கள் என்று உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐந்து வகை இருந்தவர்களுக்கு ஆறாவது வகை ஒன்று வந்தால் குடியா முழுகிவிடும்? அன்றியும், பண்பாட்டைப்பற்றிப் பேசுகிற ஆண்மக்கள் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களுடைய பாட்டன் பூட்டன் குடுமி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் கிராப்பு வந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் குடுமி பெரும்பாலும் மறைந்தது. தமிழ் அழிந்ததா? ஆண்மை போயிற்றா? தங்கள் குடுமியைச் சௌகரியத்துக்காக வெட்டிக்கொண்டவர்கள், பெண்களின் பின்னலில் மட்டும் பண்பாட்டை முடிந்து வைப்பது என்ன யோக்கியதை என்று கேட்கிறோம். பெண்கள் கிராப்பு வைத்துக்கொள்ள வேண்டும், நேரமும் வேலையும் மிச்சமாகும் என்று பெரியார் பல பத்து வருஷங்களுக்கு முன்பே சொன்னபோது, சிரித்தவர்களில் அநேகர் கிராப்புத் தலையர்களே.

இது நிற்க. வெட்டிக்கொள்ளலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டால் பிரயோஜனமில்லை. எப்படி என்பதையும் அறிந்து செய்ய வேண்டும்.

நாற்பதைத் தாண்டியபின், மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஊறுநீர் குறைகிறது. அதனால் பலருக்கு ஒவ்வொரு முடியும் மெல்லியதாகிறது. வளரும் பருவம் சுருங்குகிறது. வகிடு அகன்று தோல் தெரிகிறது. இது யாருடைய கண்ணேறுமல்ல. மெல்லிய முடியை நீளமாய் விட்டால் தன் பாரத்தாலேயே தலையோடு படிந்து, நுனியில் எலிவாலாய் நிற்கும். அதையே தோள்மட்டத்திற்கோ மோவாய்மட்டத்திற்கோ நுனி நேராய் வெட்டினால் அடர்த்தியாய்த் தோன்றும். வெட்டுவதால் முடி தடித்து வளரும் என்பது பொய். வேர் தோலுக்குள் இருக்கிறது, அதற்குக் கத்தரிக்கோலைத் தெரியாது. தோற்றந்தான் மாறுகிறது, ஆனால் நமக்கு வேண்டியதும் அதுதான்.

அடர்த்தியான முடியுள்ளவர்கள் அடுக்கடுக்காய் வெட்டச் சொன்னால் பாரம் குறையும். சுருட்டை முடி ஈரத்தில் நீண்டு, காய்ந்தபின் சுருங்கி மேலேறிவிடும். ஆகையால் நினைத்ததைவிடச் சற்று நீளமாகவே நிறுத்தச் சொல்ல வேண்டும். வட்ட முகத்தார் மோவாய்க்குக் கீழே இறங்கும்படி வைத்துக்கொள்ளுவதும், நீண்ட முகத்தார் நெற்றியில் கொஞ்சம் விழவிடுவதும் பொருந்தும் என்பார்கள். ஆனால் நெற்றிமுடியை மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை திருத்த வேண்டும். சித்திரை வெயிலில் வியர்த்து ஒட்டும். வருஷக்கணக்காய் ஒரே இடத்தில் எடுத்த வகிட்டைச் சற்று மாற்றி எடுத்தாலே காசில்லாமல் பாதி வித்தியாசம் தெரியும்.

முகத்தைவிட முக்கியமானது வேலை. மாங்கூழ்த் தொழிற்சாலையில் தலையுறைக்குள் முடியை அடக்குகிறவர்களும், இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவர்களும், களை பறிக்கையில் தலையில் துண்டு கட்டுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடி, கட்டத் தேவையில்லாத அளவு குட்டையாயிருக்க வேண்டும். அல்லது முழுவதையும் சேர்த்துக் கட்டும் அளவு நீளமாயிருக்க வேண்டும். இரண்டுங்கெட்டான் நீளம் உறைக்குள்ளும் அடங்காது, கட்டுக்குள்ளும் நிற்காது. இது அழகு விஷயம் மாத்திரமல்ல, ஆபத்து விஷயம். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் பெண்கள் தொழிற்சாலைகளில் புகுந்தபோது, வெரோனிகா லேக் என்கின்ற சினிமா நடிகையைப் பார்த்து ஒரு கண்ணை மறைக்கும்படி முடியைத் தொங்கவிட்டார்கள். முடி இயந்திரத்தில் சிக்கும் என்று பயந்து, 1943-ல் அந்நாட்டுச் சர்க்கார் அந்த நடிகையையே முடி மாதிரியை மாற்றச் சொல்லிப் பிரசாரம் செய்யவேண்டியதாயிற்று.

முதல் தடவையே ஒரு முழம் வெட்ட வேண்டியதில்லை. நான்கு விரற்கடை வெட்டிப் பார்த்து, மனம் ஒப்பினால் மறுமாதம் இன்னும் குறைக்கலாம். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளருகிறது. ஒரு சாண் வெட்டினால் ஏறக்குறைய 2 வருஷத்தில் வந்துவிடும். திரும்ப வளருகிற ஒரு வஸ்துவுக்காகவா இத்தனை அழுகை? வெட்டுமுன் கூலி என்னவென்று கேட்டுக்கொள்ளுவதும் அவசியம். சலூனில் ஆணுக்கு ஒரு கூலியும், அதே குட்டை முடிக்கு அழகு நிலையத்தில் பெண்ணுக்கு அதைப்போல் பல மடங்கும் வாங்குகிற இடங்கள் உண்டு.

நரைக்குச் சாயம் பூசுவது அவரவர் இஷ்டம். ஆனால் கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாரா பெனிலின் டையமின் என்னும் ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறும்வரை கொண்டுபோய்விடும். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்தபிறகே தலைக்குப் போட வேண்டும். திடீரென்று கொத்துக்கொத்தாய் முடி கொட்டினால் எண்ணெய் விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். ரத்தச்சோகையும் தைராய்டுக் கோளாறும் பலர் விஷயத்தில் முடி கொட்டுவதற்குக் காரணமாயிருக்கின்றன.

இனி, கடைசியான ஒரு எச்சரிக்கை. வைதீகன் ஒரு பக்கம், "வயதாயிற்று, அடங்கு" என்கிறான். வியாபாரி மறுபக்கம், "வயதே தெரியக்கூடாது, வா" என்கிறான். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுகிறார்கள்: பெண்ணுக்கு இளமையைத் தவிர வேறு மதிப்பில்லை என்பதே அது. ஆணுக்கு நரைத்தால் அனுபவசாலி. பெண்ணுக்கு நரைத்தால் கிழவி. 45 வயதுக்காரி 25 வயதாய்த் தோன்ற வேண்டும் என்று ஏங்குவது, பழைய விலங்கைக் கழற்றிவிட்டு வெள்ளி முலாம் பூசிய புது விலங்கை வாங்கி மாட்டிக்கொள்ளுவதாகும். இந்திரா காந்தி அம்மையார் 1966-ல் பிரதமரானபோது வயது 48. அவருடைய அரசியலில் நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் குட்டையாய் வெட்டிய தலையோடும், பின்னாளில் மறைக்காமல் விட்ட வெள்ளைக் கீற்றோடும் அவர் நின்றபோது, "சடை எங்கே?" என்று கேட்கும் தைரியம் எந்தச் சனாதனிக்கும் வரவில்லை. அதிகாரமுள்ள தலையைக் கேள்வி கேட்க மாட்டார்கள். அடுப்படியில் நிற்கிற தலையை மட்டுமே கேட்பார்கள்.

அழகாயிருக்க ஆசைப்படுவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தன் முகம் தனக்குப் பிடித்திருப்பது மனிதனுக்கு ஒரு சந்தோஷம்; அது 50 வயதிலும் வேண்டும், 70 வயதிலும் வேண்டும். அன்றியும், எல்லாப் பெண்களும் கட்டாயம் வெட்டித்தான் ஆகவேண்டும் என்று உத்தரவு போட நாம் புது மடாதிபதிகளுமல்ல. நீளமாய் வைத்துக்கொள்ள ஆசையா, வைத்துக்கொள்ளட்டும். வெட்ட ஆசையா, வெட்டிக்கொள்ளட்டும். அதற்குப் புருஷன் கையெழுத்தும், மாமியார் அனுமதியும், பஞ்சாங்கமும் தேவையில்லை.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டு அம்மாள் என்றைக்காவது, "முடியைக் குறைத்துக்கொள்ளலாமென்றிருக்கிறேன்" என்றால், பாண்டியனைப்போல் சபை கூட்டாதீர்கள். "உனக்கு எது சௌகரியம்?" என்று அவரையே கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லுவதை ஒப்புக்கொள்ளுங்கள்.