நெகட்டிவ் என்பது குற்றமல்ல

கீழவைப்பாரில் கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளுக்கு ஒரு பெரியவர் புதுப் பொருத்தம் சொல்லிக் கொடுக்கிறார். ஓலை வாசிக்கும் முன் ரத்த குரூப் சீட்டை வாங்கிப் பாருங்கள் என்கிறார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே குரூப் என்றால் பிள்ளை குறையோடு பிறக்குமாம். பிள்ளையின் குரூப் தாய் தகப்பனோடு ஒத்துப்போகாவிட்டால் தாயைச் சந்தேகப்பட வேண்டுமாம். நெகட்டிவ் பெண்ணை வீட்டுக்குள் எடுக்கவே கூடாதாம். அண்ணாச்சி, சீட்டைப் பார்க்கச் சொன்னது மட்டும்தான் சரி. மற்ற மூன்றும் பொய்.

இருவருக்கும் ஓ பாசிட்டிவ் என்றால் குரூப்பால் பிள்ளைக்கு ஒரு தொல்லையும் இல்லை. தமிழ்நாட்டில் ஓ குரூப்காரர்கள்தான் அதிகம். நீங்கள் சொல்வது உண்மையானால் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை தெருவுக்குத் தெரு குறையுள்ள பிள்ளைகள் இருக்க வேண்டும். எங்கே இருக்கிறார்கள்? பரம்பரை நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுவது நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கொடுக்கும்போது, பழுதுபட்ட ஒரே மரபணு இரு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரலாம். அதைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. ஒரே குரூப்புக்கு அஞ்சுகிற நீங்கள், ஒரே ரத்தத்தில் கட்டிவைக்க அஞ்சுவதில்லை.

அடுத்து, ஒரு பெண்ணின் மானத்தில் கை வைக்கிறீர்கள். தகப்பன் ஏ, தாய் பி என்றால் பிள்ளைக்கு ஏ, பி, ஏபி, ஓ நான்கில் எதுவும் வரலாம். தகப்பன் ஏபி, தாய் ஓ என்றால் பிள்ளைக்கு ஏ அல்லது பி வரும். பெற்றவர்கள் இருவரின் குரூப்பும் வராது. இருவரும் பாசிட்டிவாக இருந்தும் பிள்ளை நெகட்டிவாகப் பிறக்கலாம். 1952-ல் பம்பாயில் கண்டறிந்த பம்பாய் குரூப், சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். ஏ, பி மரபணு உள்ளே ஒளிந்திருக்கலாம். இவ்வளவும் தெரியாமல் ஒரு சீட்டைக் காட்டிக் குடும்பத்தைப் பிரிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

மூன்றாவது பொய்தான் உயிரைக் குடிப்பது. இந்தியாவில் 100 பேரில் ஏறக்குறைய 5 பேர் நெகட்டிவ். தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் பிள்ளை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தின்போது பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடலில் கலக்கும். அதை அந்நியமாகக் கருதித் தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கலாம். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பாசிட்டிவ் பிள்ளையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் உடைக்கும். ரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, வயிற்றிலேயே சாவு என்று அது போய் முடியலாம்.

இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968-லேயே வந்துவிட்டது. தாயின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கிறதா என்று ரத்தத்தைச் சோதித்து, இல்லையென்றால் 28-வது வாரத்தில் ஓர் ஊசி. பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசி. கரு கலைந்தாலும் போட வேண்டும். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு மருந்தும் பரிசோதனையும் இலவசம் என்ற திட்டம் 2011 முதல் இருக்கிறது.

ஊசியால் தீருகிற காரியத்தை நீங்கள் பெண்ணின் குற்றமாக்கினீர்கள். அதன் பலன் என்ன தெரியுமா? நெகட்டிவ் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று தாய்மார்கள் சீட்டை ஒளிப்பார்கள். கரு கலைந்ததைக் கட்டின புருஷனிடம்கூடப் பெண் சொல்ல மாட்டாள். நர்சம்மா கேட்டால், 'இதுதான் முதல் பிள்ளை' என்பாள். கரு கலைந்தபோது போட்டிருக்க வேண்டிய ஊசி போடப்படாமலே போயிருக்கும். அடுத்த பிள்ளையைப் பறிகொடுத்ததும் நீங்களே வந்து, 'நான் அப்பவே சொன்னேனே' என்பீர்கள்.

போய்ச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போங்கள், அண்ணாச்சி. நெகட்டிவ் பெண்ணைத் தாராளமாகக் கட்டலாம், குரூப்பை மறைக்காமல் முதல் மாதத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், கலைந்த கருவையும் சொல்லுங்கள் என்று அதே வாயால் சொல்லுங்கள்.