காஞ்சிபுரத்தில் இருந்து உசிலம்பட்டிக்கு ஒரு கினி பிக்

கேள்வி: வீட்டில் வளரும் கினி பிக் ஒன்றை வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பஸ் பார்சலில் போடலாமா? ரயிலில் ஏற்றுவார்களா?
- வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பதில்: கேள்வி இரண்டு வரிதான். அதனுடன் வந்த கடிதம் நான்கு பக்கம். வாசகியின் கணவர் குழித்தறியில் பட்டு நெய்கிறார். வாசகி தார் சுற்றுவதும் வீட்டு வேலையுமாக இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்பு மகள் ஆசைப்பட்டதால் இரண்டு பெண் கினி பிக்குகள் வாங்கியிருக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கூண்டு. போன சித்திரை வெயிலில் ஒன்று இறந்துவிட்டது. மகள் இப்போது நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மிச்சம் இருக்கும் ஒன்று மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, தீனியும் குறைந்துவிட்டது. உசிலம்பட்டி பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் தங்கை, தன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருப்பதால் இதையும் அனுப்பச் சொல்கிறார். அக்கம்பக்கத்தினரோ ஏரிக்கரையிலோ கோயில் தோட்டத்திலோ விட்டுவிடச் சொல்கிறார்களாம்.

அப்படி விடக்கூடாது. கினி பிக்குக்கு வளை தோண்டத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, வேகமாக ஓடவும் வராது. நாய், பூனை, கீரி, காகம் எது பார்த்தாலும் கதை முடிந்தது. பெயரில் 'பிக்' இருந்தாலும் பன்றிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் இருந்து வந்ததும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் பல ஆயிரம் வருஷங்களாக மனிதர்கள் வளர்த்து வரும் கொறிக்கும் விலங்கு இது. பெரு நாட்டு விவசாயிகள் இன்றும் அடுப்படியில் வைத்து இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். குளிர்ந்த மலைப் பிரதேசத்து உடம்பு என்பதைத்தான் முதலில் நினைவில் வைக்க வேண்டும். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இதற்குச் சுகம். 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. காஞ்சிபுரத்து மே மாத வெயில் 40-ஐத் தொடும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே என்ன நடக்கும் என்பதை அந்தக் குடும்பம் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

தங்கை வீட்டுக்கு அனுப்ப நினைப்பது சரியான முடிவுதான். இது கூட்டமாக வாழும் உயிர். தனியாக விட்டால் சோர்ந்துபோகும். ஸ்விட்சர்லாந்தில் கினி பிக்கை ஒற்றையாக வளர்ப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஆனால், வண்டியைப் பற்றி யோசிக்கும் முன்பு தங்கையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் வீட்டில் இருக்கும் இரண்டும் ஆணா, பெண்ணா?

கடிதத்தில் 'ஒன்று ஆண், ஒன்று பெண் என்று கடைக்காரர் சொன்னாராம்' என்று ஒரு வரி வருகிறது. கவலை அங்கேதான். பெண் கினி பிக் முதல் குட்டியை ஆறேழு மாத வயதுக்குள் ஈன்றுவிட வேண்டும். அப்படி ஈன்றால் இடுப்பு எலும்பின் இணைப்பு பிரசவத்துக்கு விரிந்து கொடுக்கும். அந்த வயது தாண்டியும் குட்டி போடாத பெண்ணுக்கு அந்த இணைப்பு இறுகிவிடும். பிறகு சினை பிடித்தால் குட்டி வெளியே வர வழி இருக்காது. அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் தாயும் குட்டிகளும் சேர்ந்தே இறக்க வாய்ப்பு அதிகம். குட்டிகள் கண் திறந்து, முடியோடு, பல்லோடு பெரிதாகப் பிறப்பவை என்பது இன்னொரு சிக்கல். சினைக்காலமே ஏறக்குறைய 65 நாள். பிள்ளையார்பாளையத்துக் கினி பிக்குக்கு மூன்று வயது, ஆணோடு இருந்ததே இல்லை. இதை ஓர் ஆண் இருக்கும் கூண்டில் நேராக விட்டால், அன்போடு அனுப்பி வைத்த பயணம் இரண்டு மாதத்தில் அதன் உயிரை எடுத்துவிடும்.

அதனால் தங்கை முதலில் தன் இரண்டையும் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆண், பெண் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், இதில் தவறுவது சகஜம். ஆண் இருந்தால் அதற்குக் கருத்தடை செய்ய வேண்டும், செய்த பிறகும் சில வாரம் தனியாக வைக்க வேண்டும். அதற்கு வசதி இல்லை என்றால், தங்கை வீட்டுப் பெண்ணை எடுத்துப் புதியதோடு ஒரு கூண்டில் வைத்து, ஆணைத் தடுப்புக்கு அப்புறம் வைக்கலாம். அந்தப் பெண் ஏற்கெனவே சினையாக இருக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி வண்டி. காஞ்சிபுரம் பார்சலுக்குப் பழகிய ஊர். பெங்களூரில் இருந்து பட்டு நூலும் சூரத்தில் இருந்து ஜரிகையும் பார்சலில்தான் வந்து இறங்குகின்றன. அந்தப் பழக்கத்தில்தான் வாசகி பஸ் பார்சல் பற்றிக் கேட்டிருப்பார். சேவல், புறா, முயல் எல்லாம் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஆம்னி பஸ் டிக்கியில் போவது ஊரறிந்த விஷயம். சேவல் பிழைத்துப் போய்ச் சேர்கிறது என்பதால் கினி பிக்கும் பிழைக்கும் என்று கணக்குப் போட முடியாது. டிக்கியில் காற்றோட்டம் கிடையாது, இன்ஜின் சூடு உண்டு, இரவு முழுக்க யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. கூரியரும் தபாலும் பொதுவாக இப்படிப்பட்ட உயிரை ஏற்பதில்லை. ஏற்கிறேன் என்று யாராவது சொன்னாலும் கொடுக்கக் கூடாது.

ரயில் பற்றி: ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, இரண்டடுக்கு ஏசி பெட்டிகளில் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் பதிவு செய்தால் நாய், பூனையைக் கூட அழைத்துப் போகலாம். மற்றபடி பார்சல் அலுவலகத்தில் பதிந்து கார்டு வேனில் ஏற்றுவதுதான் நடைமுறை. செங்கல்பட்டில் இருந்து மதுரைக்கு இரவு ரயில்கள் இருக்கின்றன, நேரமும் குளிர்ந்த நேரம்தான். ஆனாலும் கார்டு வேன் கூச்சல் மிகுந்த இடம். வழியில் தீனி வைக்க ஆள் இல்லை. ஒரு கிலோ எடைகூட இல்லாத உயிரை அதில் ஏற்றுவது சரியல்ல. பைக்குள் மறைத்து ஸ்லீப்பரில் கொண்டுபோகும் யோசனையையும் விட்டுவிடலாம். கினி பிக் பசித்தால் 'வீக் வீக்' என்று கத்தும், பெட்டி முழுக்கக் கேட்கும்.

எஞ்சியது கார் அல்லது வேன். காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவாசி, திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாக உசிலம்பட்டி ஏறக்குறைய 450 கிலோமீட்டர். எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. இதற்கென்று தனி வாடகை கார் பிடிப்பது ஒரு நெசவாளர் குடும்பத்துக்குக் கட்டாது. ஆனால், இந்த ஊருக்கு ஒரு வசதி உண்டு. தென் மாவட்டங்களில் இருந்து கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேன் பிடித்து வருகிறார்கள். தங்கையின் ஊரில் இருந்தோ மதுரையில் இருந்தோ அப்படி ஒரு குடும்பம் வருகிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்தால், திரும்பும் வேனில் ஒரு பெட்டிக்கு இடம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எடுக்க வருபவர்கள் இருந்தால் உத்தமம், வெயில் தணிந்திருக்கும். பங்குனி முதல் ஆடி வரை எந்த வண்டியாக இருந்தாலும் பகலில் அனுப்பக் கூடாது. ஏசி இருந்தாலும் சாப்பிட நிறுத்தும்போது ஏசி நின்றுவிடும். பூட்டிய வண்டி பத்து நிமிஷத்தில் அடுப்பாகிவிடும்.

கூட ஓர் ஆள் போக வேண்டும். மகள் ஹாஸ்டல் விடுமுறையில் வரும்போது பயணத்தை வைத்துக்கொண்டால் அவளே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அவளுக்கும் ஒரு ஆறுதல்.

பெட்டிக்குச் செலவே வேண்டாம். தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டு போதும். ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து நான்கு மூலையிலும் கட்டிவிட்டால் காற்றோட்டமான கூண்டு தயார். அடியில் பழைய செய்தித்தாள், அதன் மேல் பருத்தித் துணி, அதன் மேல் காய்ந்த புல். கூண்டில் ஏற்கெனவே படுத்திருந்த துணியையே போட்டால், தன் வாசனை இருப்பதால் பயப்படாது. பாதிக் கூண்டைத் துணியால் மூடி இருட்டாக்க வேண்டும். வைக்கோல் வேண்டாம், முனை கண்ணில் குத்தும், தீனிக்கும் ஆகாது.

ஆடு, மாட்டைப் பயணத்தில் சில மணி நேரம் பட்டினி போடுவது போல இதைப் போடக் கூடாது. இதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் தின்னாமல் இருந்தாலே குடல் நின்றுபோகும் அபாயம் உண்டு. புல் எப்போதும் வாய்க்கு எட்ட இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் ஆட்டத்தில் ஒழுகித் துணியை நனைக்கும். அதற்குப் பதில் வெள்ளரித் துண்டு வைக்கலாம், வண்டி நிற்கும் இடங்களில் தண்ணீர் காட்டலாம். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைத்தால் தேவைப்படும்போது அதன் ஓரம் போய் ஒண்டிக்கொள்ளும். எச்சில் ஒழுகி, மூச்சு வாங்கி, பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால் அது வெப்ப அதிர்ச்சி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், காதையும் பாதத்தையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

சட்டம் பற்றியும் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். காஞ்சி மடத்து யானைகள் மூன்று, நீதிமன்றம் வரை விவகாரம் போய், கடைசியில் திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் இருக்கும் வனத்துறை மறுவாழ்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததை ஊரே பார்த்தது. அந்த அளவுக்கு அனுமதிகள் இதற்குத் தேவையில்லை. கினி பிக் நம் நாட்டு வன விலங்கு அல்ல. ஆனால், விலங்குகளைத் துன்புறும் வகையில் ஏற்றிச் செல்வது 1960-ம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அது யானைக்கும் பொருந்தும், கினி பிக்குக்கும் பொருந்தும். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு கால்நடை மருத்துவமனையில் காட்டிப் பயணத்துக்குத் தகுதி என்று எழுதி வாங்கிக்கொண்டால் வழியில் யார் கேட்டாலும் காட்டலாம்.

இப்போது தீனி குறைந்திருக்கிறதே, அதையும் அப்போதே சொல்ல வேண்டும். துணை போன சோகம் மட்டும் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல் நீண்டிருக்கலாம், வைட்டமின் சி குறைந்திருக்கலாம். மனிதரைப் போலவே கினி பிக்கின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்காது. கட்டைவிரல் அளவு கொய்யாத் துண்டு ஒன்று, கொஞ்சம் கொத்தமல்லித் தழை, இவை தினமும் கிடைத்தால் போதும். மருத்துவர் மருந்து எழுதினால், அது பெனிசிலின், அமாக்ஸிசிலின் வகையா என்று கேட்க வேண்டும். வாய் வழியாகக் கொடுத்தால் அந்த மருந்துகள் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை அழித்து உயிருக்கே உலை வைக்கும். உடம்பு தேறும் வரை பயணம் வேண்டாம்.

வளர்ந்த கினி பிக் 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை இருக்கும். ஜரிகை கூடிய முகூர்த்தச் சேலையின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். பட்டு எடை போடும் மின் தராசு வீட்டில் இருக்குமே, அதில் தினமும் ஒரு வேளை நிறுத்து எழுதி, அந்தத் தாளையும் பெட்டியோடு அனுப்பினால் தங்கைக்கு உதவும். போய்ச் சேர்ந்த பிறகு பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உசிலம்பட்டியில் முதல் இரண்டு வாரம் தனிக் கூண்டு, வேறு அறை. பயணத்தில் ஒட்டிய சொறியோ சளியோ இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு கூண்டுகளைப் பக்கத்தில் வைத்து வாசனை பழக்கி, பொதுவான இடத்தில் விட்டுப் பார்க்கலாம். முயல் இருந்தால் ஒன்றாகப் போட வேண்டாம், ஓர் உதையே போதும் முதுகு ஒடிய.

மல்லிகைத் தோட்டத்து வரப்புப் புல்லை மட்டும் அறுத்துப் போடக் கூடாது. மொட்டுப்புழுவுக்கு அடித்த மருந்து புல்லில்தான் இறங்கியிருக்கும். மருந்து படாத இடத்தில் ஒரு சென்ட் கினிப் புல் நட்டுக்கொண்டால் மூன்றுக்கும் தாராளம். அருகம்புல்லும் ஆகும். குதிரைமசால் எப்போதாவது ஒரு கைப்பிடி போதும், அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கல் கட்டும்.

இதன் புழுக்கையைத் தோட்டத்துக்குப் போடலாமா என்று தங்கை கேட்கச் சொன்னதாகக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. தாராளமாகப் போடலாம். புல் தின்னும் பிராணிதானே. மூத்திரத்தில் நனைந்த புல்லோடு சேர்த்துக் குழியில் மக்கவைத்து, மல்லிகைச் செடியின் தூரில் வைக்கலாம்.