சொந்தக் காசில் திருட்டு வேலை

போன ஞாயிறு மத்தியானம். வீட்டில் யாரும் இல்லை. அரையே அரை மணி நேரம் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' கேம் ஆடலாம் என்று உட்கார்ந்தேன். தப்பா?

முதலில் லாஞ்சர் தன்னைத்தானே அப்டேட் பண்ணிக்கொண்டது. அப்புறம் லாகின். பாஸ்வேர்ட் போட்டால், புது இடத்திலிருந்து வருகிறாயே என்று சந்தேகம். ஏம்ப்பா, அதே நாற்காலி, அதே மேஜை, வைஃபைகூட அதேதான்! கோடு அனுப்பியிருக்கிறதாம். எங்கே? நான் திறந்தே பல வருஷமான மெயிலுக்கு. ஆயிரத்துச் சொச்சம் விளம்பரங்களுக்கு நடுவே தேடி எடுத்துப் போட்டால், கோடு காலாவதி.

கேமுக்குள்ளே நடுரோட்டில் டிரைவரை இழுத்துப் போட்டுவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போகலாம், ஒருத்தரும் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். காசு கொடுத்து வாங்கின நான் கேமுக்குள் போகத்தான் இத்தனை விசாரணை.

2005-ல் எங்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். ஐகானை ரெண்டு தட்டு தட்டினால் கேமின் லாஸ் சாண்டோஸ் நகரம். சென்டர் அண்ணன் நோட்டில் எழுதி வைத்திருந்த 'ஹெசோயாம்' மந்திரத்தை அடித்தால் ரெண்டரை லட்சம் டாலர், முழு ஆரோக்கியம், மேலே கவசம். போதாதா?

கதை ஞாபகம் இருக்கிறதா? 1992. அம்மா சாவுக்காக அஞ்சு வருஷம் கழித்து ஊர் திரும்புகிறான் கதாநாயகன் சிஜே. வீடு போய்ச் சேரும் முன்பே டென்பென்னி என்கிற போலீஸ் அதிகாரியின் கூட்டம் டாக்சியை மறித்துக் கையிலிருந்த காசைப் பிடுங்கிக்கொண்டு, எதிரி ஏரியாவில் இறக்கிவிட்டுப் போய்விடும். (டென்பென்னிக்குக் குரல் சாமுவேல் எல். ஜாக்சன். அந்தக் குரலுக்கே காசைக் கொடுத்துவிடலாம்.)

எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். 2021 நவம்பரில் அதே கேம் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று புதுப்பித்துப் பளபளப்பாக வந்தது. முந்தின மாதமே பழசைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்கினேன். மழை வந்தால் நூல் நூலாக வெள்ளைக் கோடு, ரோடே தெரியவில்லை. டஃப் நட் டோனட்ஸ் கடை போர்டில் ஆறு மூலையோடு ஒரு நட்டு இருக்குமே? அதை மழமழவென்று உருட்டி வைத்திருந்தார்கள். கடைப் பேரிலேயே நட்டு இருக்கிறது, படித்துக்கூடப் பார்க்கவில்லை! தூரத்தை மறைத்த மூட்டத்தையும் நீக்கிவிட்டார்கள். மலையேறி நின்றால் மூன்று நகரமும் கண்ணெதிரே. வெளியூர்ப் பயணம் என்று நான் ஓட்டி ஓட்டிக் களைத்ததெல்லாம் அடுத்த தெருவுக்குத்தானா?

கம்பெனி மன்னிப்புக் கேட்டது. சரி. மூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்த அப்டேட் வந்தது 2024 நவம்பரில். மூணு வருஷம்!

பாட்டு மட்டும் வரவே இல்லை. கேமுக்குள் கார் ரேடியோவில் ரேடியோ எக்ஸ் ஸ்டேஷனை வைத்தேன். ரேஜ் அகெயின்ஸ்ட் தி மெஷின் இல்லை, ஓசி ஆஸ்போர்னின் 'ஹெல்ரெய்சர்' இல்லை. லைசென்ஸ் முடிந்துவிட்டதாம். இது புதுசும் இல்லை. 2014-லேயே ஒரு அப்டேட் வந்து, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கினவர்களின் கம்ப்யூட்டரிலிருந்தே பாட்டுகளைக் கழற்றிக்கொண்டு போனது. வீட்டை விற்றவன் பத்து வருஷம் கழித்து வந்து ஃபேனைக் கழற்றினால் சும்மா விடுவோமா? இதற்கு மட்டும் 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை நாமே அழுத்திக் கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நான் வைத்திருந்தது திருட்டு டிவிடி. பெருமை இல்லை. முதல் முறையாக யோக்கியமாகக் காசு கொடுத்து வாங்கினேன், திருட்டு டிவிடியில் இருந்த பாட்டு அதில் இல்லை. இந்த வயித்தெரிச்சலை யாரிடம் சொல்ல?

பீரோவைக் குடைந்ததில் அந்த டிவிடி கிடைத்தது. கீறல் கொஞ்சம்தான். லேப்டாப்பில்தான் டிரைவ் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிவிடி டிரைவ் ஏதாவது கிடந்தால் சொல்லுங்களேன். ஒரு நாள் இரவல் போதும்.