கிராஷ் டம்பைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணமும் வேகமாகப் பரவியது: 'நல் பாயிண்டரா, அதாவது முகவரி பூஜ்யமா என்று சோதிக்காமல் விட்டுவிட்டார்கள்.' ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்த அந்த விளக்கம் தவறு. அதற்கான சாட்சி, கணினி விழும்போது எழுதிவைத்த கிராஷ் டம்பிலேயே இருந்தது.

கர்னல் கிராஷ்களைப் பார்ப்பதுதான் என் தொழில். அந்த டம்பை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். புராசஸர் கடைசியாக இயக்க முயன்ற பைட்டுகள் 45 8பி 08. டிஸ்அசெம்பிளரில் போட்டால், ஆர்8 ரிஜிஸ்டர் காட்டும் முகவரியிலிருந்து நான்கு பைட்டுகளை எடு என்று வரும். விழுந்த இடம் அது. அதற்குச் சற்று மேலே 4டி 85 சி0: ஆர்8 பூஜ்யமா என்று பார், பூஜ்யமானால் அடுத்த வரி தாண்டிப் போகச் சொல்லும். ஆக, சோதனை இருந்திருக்கிறது. ஆர்8 அதில் தேறியும் இருக்கிறது. அதிலிருந்தது ஒரு கணினியில் 9சி, இன்னொன்றில் நீளமான வேறோர் எண். இரண்டும் குப்பை. அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது? இன்னும் மேலே போனால் ஒரு பாயிண்டர் அட்டவணை. எடுத்த வரிசை எண் பதினாறடிமானத்தில் 14, நம் கணக்கில் 20. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அது 21-ஆவது இடம். ஆகஸ்டில் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது: 20 உள்ளீடுகள் மட்டுமே இருந்த இடத்தில் 21-ஆவதைப் படிக்கப் போயிருக்கிறது.

நம் பொறியியல் கல்லூரி லேப்களில் 8085 கிட்டின் கீபேடில் 3ஈ என்று தட்டி, அக்குமுலேட்டரில் எண்ணை ஏற்றாத மாணவர் குறைவு. பிள்ளைகளுக்கு பைட் புதிதில்லை. ஆனால் எழுதத்தான் சொல்லித்தருகிறோம். வேறு யாரோ எழுதி, கம்பைலர் குலைத்துப்போட்ட பைட்டுகளைக் கொடுத்துப் படி என்று சொல்வதில்லை. நேர்காணலில் டம்பை நீட்டினால், ஃபங்ஷன் பெயரைப் பார்த்தவுடன் சோர்ஸ் கோடைத் தேடிப் போகிறார்கள். சோர்ஸில் தனித்தனியாக இருக்கும் ஃபங்ஷன்களைக் கம்பைலர் ஒன்றுக்குள் ஒன்று கரைத்திருக்கும். சில நேரம் சோர்ஸில் பிழையே இருக்காது. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-இல் ஒரு டம்பைப் பற்றி எழுதினார். ஒரு ரிஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளையில் கணினி விழுந்திருந்தது. நினைவகத்தையே தொடாத கட்டளை. விழ வழியே இல்லை. புராசஸரை அளவுக்கு மீறி வேகப்படுத்தியதுதான் காரணம். சோர்ஸை வருடக்கணக்கில் புரட்டினாலும் இது கிடைத்திருக்காது.

படிப்பது சுலபம் என்று சொல்ல மாட்டேன். இன்டெல் வகை புராசஸரில் ஒரு கட்டளை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். ஒரு பைட் தள்ளித் தொடங்கினால் நம்பும்படியான பொய் ஒன்று திரையில் வரும். அதனால்தான் லினக்ஸ், விழுந்த கட்டளையின் முதல் பைட்டைக் கோண அடைப்புக்குள் போட்டுக் காட்டுகிறது. இந்தப் பழக்கம் கைக்கு வர, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும். வேலைக்கு வந்த பிறகு அப்படி யாருக்கும் நேரம் இருப்பதில்லை, கல்லூரியில் இருக்கிறது.

செலவும் இல்லை. ஆப்ஜ்டம்ப், ஜிடிபி, விண்டிபிஜி எல்லாமே இலவசம். லினக்ஸ் கர்னலோடு டிகோட்கோட் என்ற ஸ்கிரிப்டும் வருகிறது. விர்ச்சுவல் மெஷினில் வேண்டுமென்றே கிராஷை வரவழைத்து, சோர்ஸ் இல்லாமல் டம்பை மட்டும் மாணவரிடம் கொடுக்கலாம். செய்முறைத் தேர்வில் விடையை விட, எந்த பைட்டைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதற்கே அதிக மதிப்பெண் வைக்க வேண்டும். பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த முறை கூடும்போது இதைச் சேர்க்கட்டும்.